சபுராளி வீட்டுக் காரும் காலாவதியான இன்சூரன்ஸும்

வருடத்தில் பதினொரு மாதம் போர்வை போர்த்தி நிற்கும் கார்கள் நம் ஊர்களில் நிறைய உண்டு. வாங்கியவர் துபாயிலோ தம்மாமிலோ இருப்பார். சாவி உம்மாவிடம் இருக்கும். பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று மச்சினன் வாரத்துக்கு ஒரு தடவை வந்து ஸ்டார்ட் செய்துவிட்டுப் போவார். யாருக்காவது உடம்பு சரியில்லை, வெளியூரில் ஒரு நிக்காஹ், விடியற்காலையில் விமான நிலையத்தில் ஆளைக் கொண்டுபோய் விட வேண்டும் என்றால் அந்தப் போர்வையை எடுப்போம். பெட்ரோல் இருக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்ப்போம். இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை.

அது எப்போது முடிந்தது என்பது பெரும்பாலும் வீட்டில் யாருக்கும் தெரியாது. கம்பெனியிலிருந்து வரும் நினைவூட்டல் குறுஞ்செய்தி, கார் வாங்கும்போது கொடுத்த இந்திய நம்பருக்குப் போகும். அந்த சிம்மை சபுராளி விடுமுறைக்கு வரும்போதுதான் போனில் போடுவார். அதற்குள் பாலிசி முடிந்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும்.

வளைகுடாவில் இந்தப் பிரச்சினை அவ்வளவாக வருவதில்லை. அமீரகத்தில் வண்டியின் முல்கியாவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் அதைப் புதுப்பிக்க முடியாது. அதனால்தான் அங்கே பாலிசியையே 13 மாதத்துக்குத் தருகிறார்கள். நம் நாட்டில் சொந்தக் காருக்கு ஆர்.சி. 15 வருடம் செல்லும். நடுவில் எந்த அலுவலகமும் நம்மைக் கூப்பிட்டு இன்சூரன்ஸைக் கேட்பதில்லை. அங்கே ஒழுங்காக இருக்கும் அதே மனிதர் இங்கே கோட்டை விடுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

“இல்லாவிட்டால் என்ன, போலீஸ் பிடித்தால் ரெண்டாயிரம் ரூபாய்தானே” என்று சொல்பவர்களைப் பார்க்கிறோம். அபராதத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது ஓரளவு சரி. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146 ஆவது பிரிவு, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது, பிறரை ஓட்ட வைக்கவோ ஓட்ட விடவோ கூடாது என்கிறது. மீறினால் 196 ஆவது பிரிவின்படி முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுபடியும் மீறினால் சிறைத் தண்டனை அதேதான், அபராதம் 4,000. 2019 செப்டம்பர் வரை இது வெறும் ஆயிரம் ரூபாயாக இருந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது “ஓட்ட விடவோ” என்ற சொல். வண்டியில் ஏறியே இராதவர் மீதும் இந்தக் குற்றம் வரும். தம்மாமில் இருந்துகொண்டு “எடுத்துட்டுப் போங்க மச்சான்” என்று வாட்ஸப்பில் சொன்னவரும் சட்டத்தின் பார்வையில் அனுமதித்தவர்தான்.

ஆனால் இந்த இரண்டாயிரம் ரூபாய் தண்டனையில் மிகச் சிறிய பகுதி. மீதி எவ்வளவு என்பது விபத்து நடந்த பிறகுதான் தெரியும்.

நாற்பது லட்சம் எங்கிருந்து வருகிறது

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம் கார் ஒருவர் மீது மோதி அவர் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 34. பெரிய உத்தியோகம் எதுவும் இல்லை, பழக்கடை வைத்திருப்பவர். மாத வருமானம் 20,000 ரூபாய் என்று நிரூபிக்கப்படுகிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாயார் ஆகிய நால்வரும் அவரை நம்பி இருந்தவர்கள்.

மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் தொகையை மனம்போன போக்கில் சொல்வதில்லை. 2009 லும் 2017 லும் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த கணக்கு முறை இருக்கிறது. சுயதொழில் செய்தவர், வயது நாற்பதுக்குக் கீழ் என்றால், வருங்காலத்தில் அவர் வருமானம் உயர்ந்திருக்கும் என்று 40 சதவீதம் கூட்டுவார்கள். 20,000 என்பது 28,000 ஆகும். நம்பியிருந்தவர்கள் நான்கு பேர் என்பதால், அவருடைய சொந்தச் செலவு என்று நான்கில் ஒரு பங்கைக் கழிப்பார்கள், மீதி 21,000. வருடத்துக்கு 2,52,000. அவர் வயதுக்குரிய பெருக்கெண் 16. பெருக்கினால் 40,32,000 ரூபாய். அடக்கச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை போன்றவை இதற்கு மேல். மனு போட்ட நாளிலிருந்து வட்டி அதற்கும் மேல்.

காருக்கு நடப்பில் இருக்கும் பாலிசி இருந்தால் இந்தத் தொகையை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். உயிரிழப்புக்கும் உடல் காயத்துக்கும் மூன்றாம் நபர் பாலிசியில் உச்சவரம்பே கிடையாது. தீர்ப்பாயம் எவ்வளவு சொன்னாலும் அவ்வளவு. பிறருடைய பொருளுக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும் தனியார் கார்களுக்கு ஏழரை லட்சம் என்று எல்லை உண்டு.

பாலிசி இல்லாவிட்டால் அந்த நாற்பது லட்சத்தை ஓட்டியவரும் உரிமையாளரும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் சட்டத்தின் 174 ஆவது பிரிவின்படி தீர்ப்பாயம் மாவட்ட ஆட்சியருக்குச் சான்று அனுப்பலாம். அரசுக்குச் சேர வேண்டிய நிலவரி பாக்கியை எப்படி வசூலிப்பார்களோ அப்படி வசூலிப்பார்கள். பத்து வருடம் பாலைவனத்தில் உழைத்து ஊரில் கட்டிய வீடு, பெண் பிள்ளைக்கென்று வாங்கிப் போட்ட மனை எல்லாம் ஜப்தி நடவடிக்கைக்குள் வரும். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், போதுமான பிணை கட்டாத வரை அதைத் திரும்பத் தர மாட்டார்கள். மூன்று மாதத்துக்குப் பின் ஏலம் விட்டுப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் கட்டிவிடவும் விதி இருக்கிறது.

ஓட்டியவர் மீதான குற்ற வழக்கு தனி. கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்தினால் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின்படி ஐந்து வருடம் வரை சிறை. இன்சூரன்ஸ் இருந்தாலும் இந்த வழக்கு உண்டு.

எதிர்த்தரப்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன பழக்கடைக்காரரின் மனைவி இத்தா முடிந்து வெளியே வரும்போது கையில் என்ன இருக்கும்? மோதிய காருக்குப் பாலிசி இருந்தால், தாமதமானாலும் பணம் வந்து சேரும். இல்லாவிட்டால் கையில் தீர்ப்பு நகல் மட்டும் இருக்கும். கடன்பட்டவர் வீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் நடக்க வேண்டும். சட்டம் இந்த இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியது இந்தப் பெண்ணை மனதில் வைத்துத்தான். நம் காருக்குக் கீறல் விழுந்தால் பெயிண்ட் அடித்துக் கொடுப்பதற்காக அல்ல. அது வேறு பாலிசி, அது கட்டாயமும் இல்லை.

மூன்றாம் நபர் பாலிசியின் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, ஆயிரம் சிசி வரையிலான தனியார் காருக்கு வருடத்துக்கு 2,094 ரூபாய், ஆயிரம் முதல் ஆயிரத்து ஐந்நூறு சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். வரி தனி. நாற்பது லட்சத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய எண்கள் இவை.

மார்க்கத்தில் கூடுமா என்ற தயக்கம்

பாலிசியைப் புதுப்பிக்காமல் விடுபவர்களில் சிலருக்கு மறதி காரணமில்லை. இன்சூரன்ஸில் வட்டியும் நிச்சயமின்மையும் கலந்திருக்கிறது, அது கூடாது என்ற எண்ணத்தில் மனமறிந்து ஒதுங்குகிறார்கள். அவர்களுடைய பேணுதலை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஃபத்வா சொல்வது நம் வேலையும் இல்லை. ஆனாலும் ஒரு விஷயத்தைக் கவனத்தில் கொள்ள வேண்டும். வணிக ரீதியான இன்சூரன்ஸ் கூடாது என்று சொல்லும் உலமாக்களிலேயே பலர், சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸை நிர்ப்பந்தம் என்ற வகையில் தனியாகப் பிரித்து, அதை எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறார்கள். ஆயுள் இன்சூரன்ஸுக்குச் சொல்லப்பட்டதை எடுத்துக் காருக்குப் பொருத்தி, பாலிசியே இல்லாமல் சாலைக்கு வருவதற்கு அவர்களை ஆதாரமாகக் காட்ட முடியாது.

இன்னொரு பக்கம், தவறுதலாக ஓர் உயிர் போனாலும் குடும்பத்துக்கு நஷ்டஈடு சேர வேண்டும் என்பது நமக்குப் புதிய சட்டம் இல்லை. சூரத்துன் னிஸாவின் 92 ஆவது வசனம் தியத்தைப் பற்றிப் பேசுகிறது. தவறுதலாக நேர்ந்த கொலையில் அந்தத் தொகையைச் செய்தவர் ஒருவர் மீதே சுமத்தாமல் அவருடைய ஆகிலா, அதாவது தந்தை வழி உறவுக் கூட்டம், பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்பது ஃபிக்ஹ் நூல்களில் உள்ள ஏற்பாடு. கூட்டுறவு முறையிலான தகாஃபுலை ஆதரித்து எழுதியவர்கள் இந்த ஆகிலாவை முன்மாதிரியாகக் காட்டுவதுண்டு. மலேசியாவிலும் இலங்கையிலும் வாகனத்துக்கே தகாஃபுல் பாலிசி எடுக்கலாம். நம் நாட்டில் அந்த வசதி வராத வரை, சட்டம் கேட்கும் அளவுக்கு எடுப்பதா, அதற்கு மேலும் எடுப்பதா என்பதை நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளலாம்.

அப்படிக் கேட்கப் போகும்போது ஒரு தகவலையும் கூடவே கொண்டு போக வேண்டும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் உள்ள சொந்தக் காரில், நம்முடன் உட்கார்ந்து வருபவர்கள் “மூன்றாம் நபர்” கணக்கில் வரமாட்டார்கள். சாலையில் நடந்து போகிறவருக்குக் காப்பு உண்டு. பின் சீட்டில் இருக்கும் நம் உம்மாவுக்கும் தங்கைக்கும் கிடையாது. உச்ச நீதிமன்றம் இதைப் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. முழுக் காப்பு எனப்படும் பேக்கேஜ் பாலிசி இருந்தால் காரில் வரும் பயணிகளுக்கும் கம்பெனி பொறுப்பு என்பதையும் அதே நீதிமன்றம் 2012 இல் உறுதி செய்தது. ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய்க்கான தனிநபர் விபத்துக் காப்பு வேறாக இருக்கிறது. ஏற்கெனவே அந்த அளவுக்கு வேறு காப்பு இல்லையென்றால் அதையும் எடுத்தாக வேண்டும். மூன்றாம் நபர் பாலிசியே போதும் என்று முடிவு செய்பவர்கள், பயணிகளுக்கான விபத்துக் காப்பைத் தனியாகச் சேர்க்க முடியுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பெரிய தொகை ஆகாது. வலீமாவுக்கு ஏழு பேர் நெருக்கி உட்கார்ந்து போகும் குடும்பங்களுக்கு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

விற்றும் நம்முடையதாகவே இருக்கும் கார்

காரை விற்றுவிட்டோம், பணம் வாங்கிவிட்டோம், முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. இனி அந்தக் கார் என்ன செய்தாலும் நமக்குச் சம்பந்தமில்லை என்றுதான் நினைப்போம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கு நேர்மாறானது. ஒருவர் 2007 இல் காரை விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு, அவர் வேறொருவருக்கு என்று கை மாறிக்கொண்டே போனது. ஆர்.சி.யில் பெயர் மட்டும் மாறவில்லை. 2009 இல் அந்தக் கார் பின்னோக்கி வரும்போது மோதி ஒரு சிறுவன் இறந்தான். காருக்கு இன்சூரன்ஸ் இல்லை. போக்குவரத்து அலுவலகப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று நீதிமன்றம் முடிவு சொன்னது. எத்தனை கை மாறியது, கடைசியாக யார் வைத்திருந்தார்கள் என்று அலைவது பாதிக்கப்பட்ட குடும்பத்தின் வேலையில்லை என்பதுதான் காரணம்.

விடுமுறை முடிந்து விமானம் ஏறும் அவசரத்தில் காரைக் கொடுத்துவிட்டு, “பேரை நீங்களே மாத்திக்குங்க” என்று சொல்லிப் போகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெளி மாநிலத்துக்கு விற்றால் 45 நாள். வாங்குபவருக்கு 30 நாள். பழைய பாலிசியின் மூன்றாம் நபர் காப்பு சட்டப்படி காருடனேயே போகும். ஆனால் வாங்கியவர் 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். கேட்காமல் விட்டுவிட்டு, பிறகு தன் காரின் சேதத்துக்குப் பணம் கேட்டால் கம்பெனி கைவிரித்துவிடும்.

பாலிசி இருந்தும் கம்பெனி நம்மைத் திரும்பிப் பிடிக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஓட்டியவரிடம் உரிமம் இல்லை என்றால், பல வழக்குகளில் கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவாகிறது. பதினாறு வயது மகனிடம் சாவி கொடுத்த பெற்றோருக்கு இதோடு முடியாது. 199ஏ பிரிவின்படி மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து; அந்தப் பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. சும்மா நிற்கிறதே என்று சொந்த போர்டு காரை வாடகைக்கு விடுவதும் இப்படித்தான். தனியார் கார் பாலிசி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது.

தேதியும் மணியும்

2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புதுக் கார்களுக்கு, உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி மூன்றாம் நபர் காப்பை மூன்று வருடத்துக்குச் சேர்த்தே கொடுக்கிறார்கள்; இரு சக்கர வாகனங்களுக்கு ஐந்து வருடம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூன்று வருடம் அந்த நினைப்பே இல்லாமல் ஓட்டிவிட்டு நான்காம் வருடம் மறந்துபோகிறவர்கள் அதிகம். அந்தத் தாளிலேயே இரண்டு தேதிகள் இருக்கும். சொந்தச் சேதத்துக்கான காப்பு ஒரு வருடத்தில் முடியலாம். மூன்றாம் நபர் காப்பு மூன்றாம் வருடம் முடியும். எந்தத் தேதி எதற்கு என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

முடிந்த பாலிசிக்குச் சலுகை நாள் இருக்கிறது என்று சிலர் நம்புகிறார்கள். 90 நாளுக்குள் புதுப்பித்தால் நோ கிளெய்ம் போனஸ் கைவிட்டுப் போகாது என்பதைத்தான் அப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இடைப்பட்ட நாட்களில் விபத்து நடந்தால் கம்பெனிக்குப் பொறுப்பு எதுவும் இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில், 1991 டிசம்பர் 10 அன்று பிற்பகல் 2.20 க்கு விபத்து நடந்தது. அன்றே 2.55 க்கு இன்சூரன்ஸ் எடுத்தார்கள். தேதி ஒன்றுதானே என்ற வாதம் எடுபடவில்லை. தாளில் மணி குறிக்கப்பட்டிருக்கும்போது அந்த மணியிலிருந்துதான் காப்பு தொடங்கும் என்று தீர்ப்பானது. முப்பத்தைந்து நிமிடம்! இப்போது போனில் ஐந்து நிமிடத்தில் புதுப்பித்துவிடலாம் என்றாலும், காலாவதியான பிறகு எடுக்கும் பாலிசி உடனே அமலுக்கு வராமல் மறுநாளோ அதற்குப் பிறகோ தொடங்கலாம். பணம் கட்டிய ரசீதை நம்பி வண்டியை எடுக்காமல், தொடங்கும் தேதியையும் நேரத்தையும் பாலிசியில் படித்துவிட்டு எடுக்க வேண்டும்.

விபத்தில் நாம் பாதிக்கப்பட்டவர்களாக இருந்தால் ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரி வாசலிலேயே ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு, வழக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மோதிய வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாதபோதுதான் எதிர்த்தரப்பு இதற்கு அவசரப்படும். காயத்தின் அளவு தெரிவதற்கு முன் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்க வேண்டும். இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2019 திருத்தம் சொல்வதால் நாட்களைத் தள்ளிப்போடவும் கூடாது. மோதிவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் கிடைக்க அரசுத் திட்டம் உண்டு.

இந்த விடுமுறையில் ஊர் வரும் சபுராளிகள், போர்வையை எடுப்பதற்கு முன் எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்க்கட்டும். இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று அதில் தெரியும். முகவர் கையில் கொடுத்த தாள் உண்மையானதுதானா என்பதும் அதிலேயே பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பிறகு பாலிசியில் உள்ள போன் நம்பரை மாற்றி, வீட்டில் எப்போதும் இருக்கும் ஒருவருடைய நம்பரைக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஜமாஅத் நிர்வாகிகளும் ஆம்புலன்ஸின் ஆர்.சி.யை ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது நல்லது. எட்டு வருடத்துக்கு முன் செயலாளராக இருந்தவரின் பெயரில் அது இன்னும் இருக்கலாம். அவருக்கே அது நினைவில் இல்லாமலும் இருக்கலாம்.